நான் சொன்ன இரண்டாவது வாக்கியம்

அன்று அதை நான் எதற்காகச் சொன்னேன்? என் கணவருக்காகவா, எனக்காகவா?

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். சில நாள் அவருக்காகத்தான் சொன்னேன் என்று தோன்றும். அன்றைக்குச் சமையல்கூட நன்றாக அமையும். மறுநாளே குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, இல்லை, உனக்காகத்தான் சொன்னாய் என்று உள்ளே ஏதோ சொல்லும். சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். "வாருங்கம்மா" என்று மகள் தலையை ஆட்டுவாள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்றி எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பொழிச்சலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவர் பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் யாராவது "என்ன செய்கிறார்?" என்று கேட்டால், குமாஸ்தா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நாடக நடிகர். நான் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் அப்படித்தான். எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு நடந்த நாடகத்தில் அவர், பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோது ராஜா. மற்ற ராஜாக்கள் எல்லாம் கத்துவார்கள். இவர் கத்தவில்லை. "குழந்தைகளா? எத்தனை இருக்கும் அந்த ஊரில்?" என்று, கத்தரிக்காய் விலை கேட்பது போலக் கேட்டார். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு முதுகு சில்லிட்டது. அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தபோது காப்பித் தட்டை நீட்டிவிட்டு, அந்த ராஜாதான் இவர் என்று தெரிந்து பயந்துபோனேன். பயமா, சந்தோஷமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாம்பலத்தில் ஒரு நாடகக் குழுவில் அவர் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்பே. எல்லோரும் அலுவலகம் போகிறவர்கள். ஞாயிறு ஒத்திகை, மாதத்துக்கு ஏழெட்டு நாடகம், சபாக்களில் சாயங்காலம் ஆறரைக்குத் திரை. முதலில் தந்தி கொண்டுவரும் ஆளாக வந்தார். பிறகு வக்கீல். பிறகு ஒருமுறை அப்பா வேஷக்காரருக்கு டைபாய்டு வந்து, இவருக்கு முப்பத்திரண்டு வயதில் அறுபது வயது அப்பா வேஷம் கிடைத்தது. அதோடு சரி, மீசைக்கு வெள்ளை பூசினால் பூசியதுதான். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு நாலு பொண்ணுங்களக் கட்டிக்குடுத்தாச்சு" என்பார்.

வீட்டில் நான்தான் மற்ற எல்லோரும். நாடக நோட்டை அடுப்படி மேடையில் பிரித்து வைத்துக்கொண்டு, மகன், மருமகள், வட்டிக்காரர் எல்லோருடைய வசனத்தையும் நான் படிப்பேன். அவர் தன் வசனத்தைச் சொல்லுவார்.

"ஏங்க, இந்த இடத்துல மருமக அழணும்னு போட்டிருக்கு."

"அழு."

"வெங்காயம் நறுக்கி முடிச்சிட்டேனே!"

"சும்மாவாவது மூக்க உறிஞ்சு. இல்லன்னா எனக்குக் கோபம் வரமாட்டேங்குது."

மூக்கை உறிஞ்சுவேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வரும். தொட்டிலில் கிடந்த குழந்தை அவர் குரலைக் கேட்டு அழ ஆரம்பிக்கும். இரண்டு பேரும் ஓடுவோம். என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரங்களைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அவருடைய நண்பர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே அலுவலகம், ஒரே நாடகக் குழு. அவருக்கு மேடைப் பக்கம் வேஷமே கிடையாது. பக்கத்துத் திரை மறைவில் நோட்டோடு நின்று, நடிகர் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. குழுவில் அவரைப் பிராம்டர் என்பார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். வரும்போதே வாசலில் மணி அடிப்பார்.

"தங்கச்சி, காப்பி இருக்கா, இல்ல வழக்கம்போல கழுநீரா?"

"உங்களுக்குன்னு கழுநீர்தான் அண்ணா எடுத்து வெச்சிருக்கேன்."

"டேய் மச்சான், உன் வீட்டுல எனக்கு மரியாதை ஏறிட்டே போகுதுடா."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அந்த இடத்தில் அவர் இருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். பால்காரர், பாதிரியார், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் வாயை மூடி, விமானம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். புதிதாக வந்தவர்களுக்குத்தான் சிரிப்பாக இருக்கும்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்த சமயம். ஒரு காலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டே அலுவலகக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் வந்தது. நான் கரண்டியோடு நின்றேன். குழந்தைகூட வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. விமானம் போன பிறகு, "அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"பிளேன் போச்சே, கேக்கலீங்க."

"பிளேனா? எப்ப?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வருவதில்லை. எதிரே நின்று பேசினால் தெரிகிறது. மேடையில் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வரிசைக்காரர்கள் "சத்தமா! சத்தமா!" என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர் அதைக் கைதட்டல் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனோம். காதுக்குள் இருக்கும் ஒரு சின்ன எலும்பு இறுகிக்கொண்டு வருகிறதாம். இளம் வயதிலேயே வருமாம். தன் குரல் மட்டும் தனக்கு நன்றாகக் கேட்குமாம், அதனால் மெதுவாகப் பேசுவார்களாம். ஆபரேஷன் உண்டு, ஆனால் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது, இருப்பதும் போகலாம் என்றார் டாக்டர். கிளம்பும்போது, குடும்பத்தில் பிள்ளைகளுக்கும் வருவது உண்டு என்றார். அன்றிலிருந்து நான் மகளுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போடுவேன்.

சட்டைப் பையில் வைத்து, காதுக்கு ஒயர் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டினதும் அவர் சிரித்தார். "கிழவன் வேஷத்துக்கு வேணா மாட்டிக்கலாம். ஆனா அப்பாவுக்குக் காது கேக்கலன்னா நாடகம் முதல் சீன்லயே முடிஞ்சிடுமே." வீட்டுக்கு வந்ததும் என்னையும் நண்பரையும் உட்கார வைத்தார். "இது நம்ம மூணு பேருக்குள்ள. குழுவுக்குத் தெரிஞ்சா அன்னையோட முடிஞ்சுது. யாரும் வாயத் திறக்கக் கூடாது." நாங்கள் தலையாட்டினோம். அவர் வேதாகமத்தின் மேல் என் கையை எடுத்து வைக்கவில்லை. வைத்திருக்கலாம். என்னிடம் அது தேவையில்லை என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு அவர் எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்தார். எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். முதுகுக்குப் பின்னாலிருந்து யாராவது பேசும் காட்சிகளில்தான் சிக்கல். அதற்கு நண்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச் வாங்கினார். பின்னால் இருப்பவர் பேசி முடித்ததும், திரை மறைவிலிருந்து ஒரு தடவை மினுக்குவார். வெளிச்சம் வந்தால் இவர் பேச வேண்டும். அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இப்படியே ஓடியது. நாங்கள் மூவரும் ஒரு பரீட்சையில் காப்பி அடிப்பது போல, பயமும் கும்மாளமுமாக இருந்தோம்.

மெட்ராஸுக்கு டி.வி. வந்த புதிதில் அவருக்கு அங்கிருந்தும் அழைப்பு வந்தது. அரை மணி நேர நாடகம், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேஷம். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். புதிய இடம், டார்ச் கிடையாது, நண்பரும் கிடையாது. போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்க யாருமே சத்தம் போடமாட்டாங்க, தெரியுமா? பேசவே கூடாது. ஆரம்பின்னா ஒருத்தர் கைய இப்படி இறக்குவாரு. நிறுத்துன்னா இப்படி. வேகமா பேசுன்னா விரல இப்படிச் சுத்துவாரு. எல்லாம் கைதான். எனக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு."

"குரல் போதுமா, என்ன சொன்னாங்க?"

"கத்தாமப் பேசற ஸ்டேஜ் ஆளு இப்பத்தான் வந்திருக்காருன்னு சொன்னாங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால், மேடையில் அவர் குரலுக்கு எது குறையோ அதுவே அங்கே நிறைவாகிவிட்டது. அன்று நான் சமையலறைக்குப் போய் நன்றி சொல்லி ஜெபம் பண்ணினேன்.

அது ஒளிபரப்பான அன்று பம்மலில் ஒரு வீட்டில் பார்த்தோம். பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்று மாடி வீடு கட்டியிருந்தார்கள். தெருவே அங்கே இருந்தது. அந்த வீட்டம்மா பெட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னா டீச்சரு! உங்க வூட்டுக்காரு பொட்டிக்குள்ள பேசிகினு கீறாரு, இங்க வாசப்படில செருப்ப கழட்டிகினு நிக்கிறாரு! எது நெசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு என்ன பேச்சு என்று தெரியவில்லை. என் வாயைப் பார்த்தார். நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். பிறகுதான் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்தபின் அவர் ஒருவர் மட்டும் சிரித்தது எனக்கு என்னவோ செய்தது. மகள் பெட்டிக்கு அருகே போய், அதில் தெரிந்த அப்பாவின் தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

டி.வி.யில் இன்னொரு நாடகமும் செய்தார். அத்தோடு நிறுத்திக்கொண்டு மேடையை விட்டிருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் டி.வி. வருடத்துக்கு இரண்டு தடவை கூப்பிடும். மேடைதான் அவருக்குச் சோறு தண்ணீர்.

பல்லாவரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அவர்கள் நாடகம் போட்டார்கள். திறந்த வெளி மேடை. எங்கள் பக்கத்தில் நடப்பதால் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். குழுவின் செயலாளர் ஐம்பது வயதுக்காரர், ரொம்பக் கண்டிப்பானவர். திரை தூக்குவதற்கு முன் நடிகர்களிடம், "பிளேன் வந்தா அப்படியே நில்லுங்கப்பா. போனப்புறம் விட்ட எடத்துலேர்ந்து" என்று சொன்னாராம். என் கணவர் அப்போது மீசை ஒட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்பாவும் மூத்த மகனும் பேசும் காட்சி. வீட்டை விற்றுவிடலாம் என்று மகன் சொல்ல வருகிறான். விமானம் வந்தது. மகன் வேஷக்காரர் பாதி வாக்கியத்தில் சிலை மாதிரி நின்றார். மருமகள் தம்ளரை நீட்டியபடி நின்றாள். என் கணவர் ஒரு கணம் மகனைப் பார்த்தார். அவன் வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். பக்கத்துத் திரையில் நண்பருக்குக் கை கால் ஓடவில்லை. நிறுத்தச் சொல்லும் பதற்றத்தில் டார்ச்சை மினுக்கினார். மறுபடியும் மினுக்கினார். வெளிச்சம் வந்தால் பேச வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு ஏற்பாடே இல்லை. இவர் பேச ஆரம்பித்தார்.

மகனைக் காப்பாற்றுவதற்காக மகன் வசனத்தையும் சேர்த்துப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை, ஆனால் எல்லாம் எனக்கு மனப்பாடம். 'நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியும், வீட்ட வித்துடலாம்ங்கிற, அதானே?' மகன் தோளைப் பிடித்து உலுக்கினார். அழுதார். சுற்றிலும் எல்லோரும் மரம் மாதிரி நிற்க, அவர் ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் கையை ஆட்டி அழுதுகொண்டிருந்தார். முதலில் குழந்தைகள் சிரித்தன. பிறகு மைதானமே சிரித்தது. விமானம் போனதும், மகன் வேஷக்காரர் சொல்லிக் கொடுத்தபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க" என்றார். அதற்குச் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். விளக்குக் கட்டும் ஆள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நீ? ஏரோப்ளேனு தலமேல போவுது, நீ பாட்டுக்கு வசனம் சொல்லிகினு கீறே! செம தமாசு போ!"

இவர் தலையைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப நன்றிப்பா" என்றார்.

நடந்து வீட்டுக்கு வரும்போது, "அந்தப் பையன் வசனத்த மறந்துட்டான். நல்லவேளை, சமாளிச்சேன். ஜனங்க ஏன் சிரிச்சாங்க?" என்று கேட்டார். நான் தெருவிளக்கடியில் நின்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பல்லாவரம் ரயில் பாதையைக் கடக்கும்போது நான் குழந்தையோடு பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். மின்சார ரயில் ஊதிக்கொண்டே வருகிறது. அவர் தண்டவாளத்தில் கால் வைக்கப் போகிறார். நான் கத்துகிறேன். பூ விற்கும் அம்மா ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், செவுடா நீயி? பொண்டாட்டி புள்ளையோட வந்துகினு, சாவப் பாக்கறியே!" சட்டை கிழிந்தது. அவர் கிழிந்த இடத்தைப் பார்த்து, "நல்ல சட்டை" என்றார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லை. குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நான் தலை வாராமல் இருந்தேன். செயலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பம்பாய்ல நம்ம ஊர்க்காரங்க சங்கத்துல கூப்பிட்டிருக்காங்கம்மா. பத்து நாள், அஞ்சு நாடகம். அஞ்சிலயும் அப்பா வேஷம் சாருக்குத்தான். அது விஷயமாத்தான் வந்தேன்."

பம்பாய் என்பது என் கணவரின் பல வருடக் கனவு. எனக்குத் தெரியும்.

"ஆனா…" என்று நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க படிச்சவங்க, அதான் நேரா கேக்கறேன். அன்னைக்குப் பல்லாவரத்துல பாத்தீங்க. கொஞ்ச நாளாவே கூப்பிட்டாத் திரும்பறதில்ல. கேட்டா ஒண்ணு, பதில் ஒண்ணு. குழுவுல ஒரு மாதிரி பேசிக்கறாங்க. சாருக்கு… அந்தப் பழக்கம் ஏதாவது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

"குடியெல்லாம் இல்ல சார். அவருக்குக் காது கேக்கல."

இது முதல் வாக்கியம். இதற்காக என்னை நானே மன்னித்துவிட்டேன். ஒரு மனிதரைக் குடிகாரர் என்று சொல்லும்போது மனைவி வேறு என்ன செய்வாள்? செயலாளர் நல்ல மனிதர். நாற்காலியில் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். பிறகு, "அப்படியா? அடப்பாவமே. சொல்லியிருக்கலாமே! சரி, பாத்துக்கலாம்மா, ஏதாவது வழி பண்ணலாம். பம்பாய்க்கு வரட்டும்" என்றார். அவர் அப்படித்தான் சொன்னார். வழி பண்ணலாம் என்றார்.

அப்போதுதான் நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் சார். பம்பாய்க்கெல்லாம் வேண்டாம். வேற யாரையாவது போட்டுக்குங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது? தண்டவாளம் இருந்தது. தெரியாத ஊரில், தெரியாத ரயில்களுக்கு நடுவே அவர் நடப்பது இருந்தது. மைதானத்தின் சிரிப்பும் இருந்தது, அது பம்பாயிலும் கேட்கும் என்ற பயம். இதெல்லாம் உண்மை. ஆனால் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த குழந்தையும் இருந்தது. பத்து நாள் நான் தனியாக இருக்க வேண்டும் என்பதும், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித் தனியாகவே போயின என்பதும் இருந்தது. எது முன்னால் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கர்த்தருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

செயலாளர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறு வாரம் ஒத்திகையில் அப்பா வேஷத்துக்கு வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். என் கணவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். 'உடம்பப் பாத்துக்குங்க சார், டி.வி. இருக்கே உங்களுக்கு.' ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினாராம், அதுவும் அன்பாகத்தான். டி.வி.யிலிருந்தும் பிறகு அழைப்பு வரவில்லை. செய்தி அங்கேயும் போயிற்றா, வெறுமனே கூப்பிடவில்லையா, எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தவர், அன்று ஒத்திகைக்கு வராத நண்பரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நண்பர் மணி அடித்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழையும்போதே என் கணவர் ஆரம்பித்தார்.

"மூணு பேருக்குத்தாண்டா தெரியும். நான் சொல்லல. இவ சொல்லமாட்டா."

நண்பர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று மனது அடித்துக்கொள்கிறது, வாய் வரவில்லை.

"அன்னைக்கு டார்ச்சப் போட்டு என்னைக் கோமாளியாக்கினே. அதையாவது பதட்டம்னு விட்டேன். இது?"

"மச்சான்…"

"சொல்லுடா. நீதானே?"

நண்பர் கையிலிருந்த சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு நிமிர்ந்து, என் கணவருக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துச் சொன்னார். "ஆமாடா. நான்தான். உன் நல்லதுக்குத்தான்."

"போடா வெளிய."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், தெருமுனை வரை ஏறவில்லை. நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கிவிடும் என்று உள்ளே போனேன். அப்படித்தான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது அவர் ஐந்தரை மணி வண்டியில் வந்து ஆறே முக்காலுக்கு வீட்டில் இருக்கிறார். நான் ஆசைப்பட்டது இதைத்தான் என்றால், அது நடந்துவிட்டது. மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறார். மகள் அவர் கையைத் தட்டி, அவர் திரும்பியபின்தான் பேசுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன கிறிஸ்மஸுக்கு ஏரோது வேஷம் போடச் சொல்லிச் சபையில் கேட்டார்கள். "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அடுப்படியில் நான் ஒருநாள் பழைய நோட்டை எடுத்துப் பிரித்து, "ஏங்க, ஒரு சீன் படிக்கலாமா?" என்றேன். என் உதட்டைப் படித்தார், நன்றாகப் புரிந்துகொண்டார். "எதுக்கு?" என்றார்.

கடையில், பஸ்ஸில், வங்கியில் யார் என்ன பேசினாலும் என் பக்கம் திரும்பி என் வாயைப் பார்க்கிறார். மற்றவர்கள் வாய் வேகமாக இருக்கிறதாம். என்னுடையது மட்டும்தான் தெளிவாக இருக்கிறதாம். "நீ சொன்னா சரியா இருக்கும்" என்கிறார்.

போன வாரம் பல்லாவரம் சந்தையில் நண்பரின் மனைவியைப் பார்த்தேன். திருச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். ஒரே அலுவலகத்தில் இருந்தும் பேச்சு நின்றுபோனதால், என் கணவர் இதை என்னிடம் சொல்லவே இல்லை. மாதக் கடைசியில் குடும்பத்தோடு போகிறார்களாம்.

"எங்க வீட்டுல ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறாரு, அக்கா. இவர் என்ன துரோகம் பண்ணாரோ. அப்படிப் பண்ற ஆளில்ல. போறதுக்குள்ள ஒருதரம் அண்ணன வீட்டுக்கு வந்து இவரப் பாக்கச் சொல்லுங்களேன். சாயங்காலமானா இவர் வாசல்ல நின்னு தெருவயே பாத்துட்டிருக்காரு."

நான், சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. போதகரின் மனைவியிடம் இரண்டு தடவை ஆரம்பித்து, குழந்தையின் இருமலைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். எங்களைத் தெரியாத உங்களிடம்தான் கேட்கிறேன். நான் சொன்னால், செய்யாத குற்றத்தைச் சுமக்கும் அந்த அண்ணன் நிம்மதியாக ஊர் போவார், ஒருவேளை இவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார். ஆனால் அதன்பிறகு இந்த வீட்டில் என் கணவர் யாருடைய வாயைப் பார்ப்பார்? சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் இருப்பேன், எனக்கு நான் இருக்கமாட்டேன். குழந்தை பெற்றவர்கள், இப்படி ஏதாவது மறைத்து வாழ்ந்தவர்கள், மறைக்காமல் சொல்லி நஷ்டப்பட்டவர்கள் யாராக இருந்தாலும், சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு எழுதுங்கள். சொல்ல வேண்டும் என்றால், முதல் வாக்கியத்தோடு நிறுத்தலாமா, இரண்டாவதையும் சொல்லத்தான் வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.